தந்தியிலே பிறந்த தனிக்குரல்

கச்சான் காற்று அடங்கிக் கடல் சாந்தமுற்ற மார்கழி மாதத்து வைகறை ஒன்றில் உடப்புக் கடற்கரையிலே நின்றுகொண்டிருந்தோம். கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. இருபது பேர் வரையில் கயிற்றைப் பற்றி, மணலிலே குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடந்தனர். அவர்களுள் நடுவயது கடந்த ஒருவர் அம்பாப் பாடலின் அடியை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒரே குரலாய் ஏற்றுப் பாடினர். சில அடிகள் இவ்வாறு சென்றபின், மற்றவர்களின் குரல் தணிந்ததோர் இடைவெளியில், அவர் சொற்களையெல்லாம் விட்டு வெறும் நாதமாக ஒரு நீண்ட இழைப்பு இழைத்தார். கயிற்றிலே பாரம் ஏறியிருந்த நேரம் அது. இழைப்பு முடிந்த கணத்தில் நாற்பது கைகளும் ஒருசேர இழுத்தன. வலை அசைந்து கொடுத்தது.

எமக்கு அருகில் நின்ற மாணவன், "சேர், இதுதான் சோலோ!" என்றான்.

அவன் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயில்பவன். இழைப்பு இழைத்தவர் அவனுடைய தந்தை. அவன் கூறிய 'சோலோ' என்ற சொல் வாசக அன்பர்களிற் சிலருக்குப் புதிதாயிருத்தல் கூடும். பலர் கூடி இசைக்கும் பாட்டின் நடுவே ஒரு வாத்தியக்காரர் மாத்திரம் முன்வந்து தம் கற்பனையை விரிக்கும் பகுதிக்கு மேனாட்டார் இட்ட பெயர் அது. நமது கச்சேரியில் மிருதங்க வித்துவானுக்குத் தனி ஆவர்த்தனம் விடுவதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேனாட்டு 'றொக்' இசையிலே இந்த இடம் பெரும்பாலும் கிற்றாருக்கே உரியது. அவ்வகையிலே உலகம் போற்றும் சில தனி வாசிப்புகளையும், அவற்றை வாசித்த மனிதர்களையும் பற்றி இங்கு சிறிது பேச விரும்புகிறோம். பேச நேர்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

கிற்றார் இக்கரை வந்த கதை

கிற்றார் என்றால் அது நம் கரைக்கு அந்நியம் என்று எண்ணுவோர் பலர். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை நன்கு அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். போர்த்துக்கேயர் வந்து இறங்கிய கரைகளுள் இதுவும் ஒன்று. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் தந்தி வாத்தியங்களும் துள்ளல் தாளமும் அடங்கும். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சிறு சமூகம் ஒன்று இன்றும் வாழ்கின்றது. போர்த்துக்கேய மொழியின் சாயல் கொண்ட 'மஞ்சா' என்னும் பாடல்களை அவர்கள் பாடுவர். மண்டலின், றபான், சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் ஆகியனவே அவர்களின் பக்க வாத்தியங்கள். அப்பாடல் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைந்து, கேட்போரின் கால்களை நிலத்தில் நிற்கவிடாது.

இதே வேரிலிருந்து கிளைத்ததே பைலா. பொலிஸ் சேவையிற் கடமையாற்றிய வொலி பஸ்தியன்ஸ் அதனைச் சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பினார். 1960களின் பிற்பகுதியில் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவை நடத்திய கிளறன்ஸ் விஜேவர்த்தன, சிங்கள மெல்லிசையிலே மின்கிற்றாரை வேரூன்றச் செய்தார். தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரின் துணையுடன் பொப் இசையை வளர்த்தனர். சிலாபத்துத் திருமண வீடுகளில் கிற்றார் ஒலிக்காத இரவு அருமை. ஆகவே இக்கரைக்கு அது விருந்தாளியன்று, வீட்டுப் பிள்ளைதான்.

எமக்கு அதன் முதல் அறிமுகம் 1990களில் வாய்த்தது. அயலில் வசித்த மாமா ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியபோது, கசற் வாசிக்கும் கருவி ஒன்றையும் ஆங்கிலப் பாட்டு நாடாக்கள் சிலவற்றையும் கொண்டுவந்தார். மாலை வேளைகளில் திண்ணையிலே அவற்றைப் போடுவார். ஒரு பாட்டு முடிந்துவிட்டதென்று நாம் எழுந்த வேளையில், பாடியவர் ஓய்ந்த இடத்திலிருந்து கிற்றார் பாடத் தொடங்கிற்று. எழுந்தவர்கள் மறுபடியும் அமர்ந்தோம். அது எந்தப் பாட்டு என்பதைப் பின்னர் கூறுகிறோம்.

மின்சாரம் செய்த மாயம்

பழைய கிற்றாரின் ஓசை மரப்பெட்டிக்குள்ளிருந்து எழுவது. கூடத்திலே நான்கு பேருக்குக் கேட்கும். எக்காளமும் முரசும் முழங்கும் வாத்தியக் குழுவிலே அமிழ்ந்துபோகும். அதனாற் பல காலம் அது பிறருக்குச் சுருதியும் தாளமும் காட்டும் ஏவலாளாகவே இருந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம் என்பவர் செய்த முயற்சியால் இந்நிலை மாறிற்று. உருக்குத் தந்திகளின் அடியிலே காந்தத்தையும், செப்புக் கம்பிச் சுருளையும் வைத்தனர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலங்குகின்றது. கலங்கும் புலம் சுருளிலே மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் மெல்லிய தந்தியின் குரல் மைதானத்தை நிறைக்கின்றது. உயர்தர வகுப்பிலே மின்காந்தத் தூண்டல் என்று நாம் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும். முதலில் உருவான அவ்வாத்தியம் வட்ட முகமும் நீண்ட கைப்பிடியுமாக இருந்தமையால் அதனைப் 'பொரிக்கும் தாச்சி' என்று கேலியாய் அழைத்தனர்.

மின்சாரம் ஓசையைப் பெருக்கியதோடு நிற்கவில்லை. பெருக்கியை அதன் வல்லமைக்கு மேல் வருத்தினால், அலையின் முடிகள் வெட்டுண்டு ஓசை கரகரக்கும். பொறியியலாளர் இதனைக் குறை என்றனர். கலைஞரோ அதனைக் குரலாக்கிக்கொண்டனர். ஒலிபெருக்கியின் எதிரே கிற்றாரைப் பிடித்தால், அதன் ஓசையே தந்தியை மீளவும் அதிரச் செய்யும். ஸ்வரம் ஓயாமல் நீளும். மீட்டியவுடன் தேயத் தொடங்கும் தந்தி வாத்தியத்துக்கு, மூச்சு விடாத நாதஸ்வரத்தின் நீட்சி இவ்வாறு கைகூடிற்று.

இன்னுமொரு செய்தி நம்மவருக்குச் சுவையளிக்கும். றொக் கிற்றார் வாசிப்பிற் பெரும்பகுதி ஐந்தே ஸ்வரங்களில் அமைந்தது. அவ்வைந்தும் சேர்ந்தால் நமது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள் கிடைக்கும். இனிமையும் மகிழ்ச்சியும் வேண்டுமிடத்து அவர்கள் கையாளும் மற்றோர் ஐந்து ஸ்வரங்கள் மோகனத்துக்கு உரியவை. மெட்டுக்கு அப்பாலும் தந்தியை விரலால் வளைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அவர்களின் வித்தை, நம் வீணையின் கமகத்துக்கு மிக அண்மையிலுள்ள உறவாகும். கேட்டறியாத காதுக்கு இரைச்சலாய்ப் படுவது, உறவு முறை தெரிந்தபின் இரைச்சலாயிராது.

விண்வெளி சென்ற வாசிப்பு

1958ஆம் ஆண்டு சக் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர் 'ஜொனி பி. குட்' என்ற பாட்டை வெளியிட்டார். நாட்டுப்புறத்து ஏழைப் பையன் ஒருவன் கிற்றார் வாசித்துப் புகழ் பெறுவான் என்பது அதன் கருத்து. பாட்டின் முகப்பிலேயே கிற்றார் தனித்து முழங்குகின்றது. பின்வந்த வாசிப்பாளர் அனேகருக்கு அரிச்சுவடியாய் அமைந்தது அதுவே. 1977இல் அமெரிக்கர் வொயேஜர் விண்கலங்கள் இரண்டைச் செலுத்தியபோது, பூமியின் இசையைத் தாங்கிய பொன்முலாமிட்ட தட்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் வைத்தனர். அதிலே பாக், பீத்தோவன் ஆகியோரின் ஆக்கங்களோடு, இந்துஸ்தானி இசையரசி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும், சக் பெரியின் இந்தப் பாட்டும் இடம்பெற்றன. நாட்டுப்புறப் பையனின் கிற்றார் இன்று விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலே சென்றுகொண்டிருக்கின்றது.

குண்டோசையை வாசித்தவர்

அடுத்து நாம் வைப்பது ஜிமி ஹென்றிக்ஸை. 1942இற் சியாற்றில் நகரிற் பிறந்து, வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதிற் குப்பையிடையே கண்டெடுத்த, ஒரே தந்தியுடைய உக்குலேலே அவரது முதல் வாத்தியம். இடக்கை வழக்கமுடையவராதலால், வலக்கையாளருக்குரிய கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். பொப் டிலன் இயற்றிய 'ஓல் அலோங் த வொச்ரவர்' என்னும் பாட்டை 1968இல் இவர் தம் வழியில் வெளியிட்டார். அதன் நடுவிலே வரும் தனி வாசிப்பு நான்கு வீடுகளைக் கடந்து செல்லும் பயணி போன்றது. ஒவ்வொரு வாயிலிலும் குரல் மாறும். முதலில் நேராகப் பேசும். அடுத்துக் கண்ணாடிக் குழாய் உருள்வதுபோல் வழுக்கும். பின்னர் மனிதன் வாய் திறந்து முனகுவதுபோல் ஒலிக்கும். ஈற்றில் தாளத்தை இறுகப் பற்றிக்கொண்டு ஓடும். ஒரே பாட்டிலே ஒருவர் நால்வராவது எவ்வாறு என்று வியந்திருக்கிறோம்.

ஆயினும் ஹென்றிக்ஸ் என்றதும் பலரின் நினைவுக்கு வருவது 1969 ஆகஸ்ட் 18ஆம் நாள் காலையில் வூட்ஸ்ரொக் விழாவில் அவர் வாசித்ததே. வியற்நாமிற் போர் நடந்துகொண்டிருந்த காலம். தம் நாட்டின் தேசிய கீதத்தை அவர் கிற்றாரில் எடுத்தார். மெட்டு நேராகச் சென்றது. நடுவே தந்தி அலறிற்று. குண்டு வீழும் ஓசை, விமானத்தின் இரைச்சல், மனிதரின் ஓலம் யாவும் அந்த ஆறு தந்திகளிலிருந்து எழுந்தன. பின்னர் கீதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒரு காலத்தில் அவரும் பரசூட் படையிற் பணிபுரிந்தவர். ஒரு சொல்லும் கூறாமல் ஒருவர் போரைப் பற்றிப் பேச முடியும் என்பதை, 2009 வரை நீண்ட போரின் ஓசைகளைக் காதாற் கேட்டு வளர்ந்த எம் தலைமுறைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, தமது 27ஆம் வயதில், அவர் இலண்டனிற் காலமானார்.

இரட்டையரும் ஒற்றையரும்

மாமாவின் திண்ணையிலே எம்மை மறுபடியும் அமரச் செய்த பாட்டு 'ஹொட்டேல் கலிபோர்னியா'. ஈகிள்ஸ் குழுவினர் 1976 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தட்டிலுள்ளது. அதன் இறுதியில் டொன் பெல்டர், ஜோ வொல்ஷ் என்ற இருவர் இரண்டு நிமிடங்களளவுக்கு வாசிக்கின்றனர். முதலில் ஒருவர் வினவ மற்றவர் விடை பகர்கிறார். பின்னர் இருவரும் இணைந்து, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகப் படிப்படியாய் இறங்கி வருகின்றனர். ஒரே கிற்றார் என்றே பல ஆண்டுகள் நாம் எண்ணியிருந்தோம். திருவிழாவில் இரட்டை நாதஸ்வரம் கேட்டுப் பழகியவர்கள் இதன் சுவையை உடனே உணர்வர். வேகம் காட்டும் ஆசை இருவருக்கும் இல்லை. அருகிலிருப்பவரைக் கேட்கும் பொறுமை இருவருக்கும் உண்டு.

இனி, டேவிட் கில்மோர். 'பிங்க் புளொயிட்' குழுவின் 'கொம்போட்டபிலி நம்' என்ற 1979ஆம் ஆண்டுப் பாட்டின் ஈற்றிலே அவர் வாசித்தது, உலகின் மிகச் சிறந்த தனி வாசிப்பென்று பலராற் போற்றப்படுவது. பலமுறை வாசித்துப் பதிவு செய்து, அவற்றுள் நல்ல பகுதிகளைத் தெரிந்து இணைத்து அதனை அமைத்தார். கில்மோரின் பெருமை ஸ்வரங்களின் எண்ணிக்கையிலன்று, அவற்றிடையே அவர் விடும் மௌனத்திலே உள்ளது. ஒரு ஸ்வரத்தை எடுத்து, வளைத்து, அது உச்சியைத் தொடும்வரை காத்திருப்பார். அவசரக்காரருக்கு அமையாத கலை அது. அப்பாட்டை வாசித்த அவரது கரிய கிற்றார் 2019இல் நியூயோர்க்கில் ஏலம் போயிற்று. 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் விலை பெற்றது. அன்று விற்ற கிற்றார்களின் வருமானம் அனைத்தையும் காலநிலை மாற்றத்தை எதிர்த்து வழக்காடும் நிறுவனமொன்றுக்கு அவர் வழங்கினார். ஆண்டுதோறும் கடல் கரையை அரித்துச் செல்வதைப் பார்த்து நிற்கும் எமக்கு, அந்தக் கொடை எங்கோ நடந்த செய்தியாகத் தோன்றவில்லை.

விரல் இழந்தவரும் விறகிலே கிற்றார் செய்தவரும்

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ரொனி அயோமி என்ற இளைஞருக்கு வயது 17. வேலையை விட்டு விலகும் கடைசி நாளில் இயந்திரம் அவரது நடுவிரலினதும் மோதிர விரலினதும் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கையாளராதலால், தந்தியை அழுத்தும் கையே அது. இனிக் கிற்றார் இல்லையென்று மனமுடைந்திருந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ றைன்ஹார்ட். 1928இல் தீ விபத்திலே இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்தபின், எஞ்சிய விரல்களாலே புகழடைந்தவர். அயோமி எழுந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார்; தோலை ஒட்டினார்; மெல்லிய தந்திகளைக் கட்டினார்; பிற்காலத்திற் சுருதியையும் இறக்கிக்கொண்டார். 'பிளாக் சபத்' குழுவின் அந்தக் கனத்த ஓசைக்கு இவையும் காரணமாயின. 1970ஆம் ஆண்டின் 'அயன் மான்' என்ற பாட்டைக் கேட்போர், விரல் நுனியில்லாத கையொன்று அதை வாசிக்கின்றதென்று நம்பமாட்டார்.

மற்றவர் 'குயீன்' குழுவின் பிறையன் மே. கிற்றார் வாங்கப் பணமில்லாமையால், 1963 முதல் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்தனர். கழுத்துப் பகுதிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய அடுப்பங்கரைச் சட்டம். அதிற் பூச்சி துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி கொண்டு அடைத்தனர். மோட்டார்ச் சைக்கிளின் சுருள்வில்லும், பழைய கத்தியின் அலகும், தாயாரின் தையற் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்களும் உதவின. அந்தக் கிற்றாரையே அவர் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அதனை மீட்டப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தைப் பயன்படுத்தினார். 1975இன் 'பொஹீமியன் றப்சடி'யில் வரும் சிறு தனி வாசிப்பு, பாடகர் கூறாது விட்டதைக் கூறி முடிப்பது போன்றது.

இவரைப் பற்றி மாணவர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. விண்பௌதிகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், இசைக்காக அதனை இடையிலே விட்டார். கிற்றாரைச் செய்து கொடுத்த தந்தையே அதனால் மனம் நொந்தார். பின்னொரு நாள் பெற்றோரை நியூயோர்க்குக்கு அழைத்துத் தம் நிகழ்ச்சியைக் காணச் செய்ததாகவும், அதன் பின்னரே தந்தையின் மனம் இளகியதாகவும் அவரே கூறியிருக்கிறார். மகனோ விட்ட படிப்பை மறக்கவில்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் ஆராய்ச்சியை முடித்து, 2007இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் கலாநிதியானார்.

வீணையும் கிற்றாரும்

மேனாட்டாரையே புகழ்ந்துகொண்டிருப்பதாக எவரும் குறைகூற வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஜோன் மக்லொக்லின், றொக் இசையிலும் ஜாஸ் இசையிலும் உச்சியைத் தொட்டபின் நம்மிடம் கற்க வந்தவர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். 1970களின் நடுவில் வயலின் எல். சங்கர், கடம் விநாயக்ராம், தபேலா சாகிர் ஹுசைன் ஆகியோருடன் 'சக்தி' குழுவை நடத்தினார். அக்குழுவுக்காகச் செய்வித்த கிற்றாரிலே மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்குவித்தார். கமகம் வாசிக்கத் தந்தி இடம் கொடுக்கவேண்டும் என்பதே நோக்கம். அந்த எல். சங்கர் நம் நாட்டில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்தியா திரும்பியது. ஒரு நாட்டின் பகைமை அந்த நாட்டுக்கு எதை இழக்கச் செய்யும் என்பதற்குக் கணக்கு வேண்டுவோர் இதனையும் சேர்த்துக்கொள்க.

இராணிப்பேட்டையிற் பிறந்த பிரசன்னா, கிற்றாரிலே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்பவர். சென்னை ஐ.ஐ.டி.யிற் கப்பல் நிர்மாணப் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் பேர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்றார். ஹென்றிக்ஸுக்கு வணக்கமாக அவர் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'எலெக்ரிக் கணேசா லாண்ட்' என்று பெயர்.

தமிழ்த் திரையிசையிலும் நாம் நாளும் கேட்கும் கிற்றார் உண்டு. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தையும் இசையமைத்த இளையராஜாவையும் எல்லாரும் அறிவர். ஆனால் அந்தப் பாட்டின் முகப்பிலே நிலவொளியைப் போல் சிந்தும் கிற்றாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பதை எத்தனை பேர் அறிவர்? றொக் இசையிலே வாசிப்பவரின் பெயர் பாட்டுக்கு முன்னே நடக்கின்றது. நம்மிடையே பாட்டு வீடு வீடாய்ச் செல்ல, வாசித்தவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இந்தக் குறையைப் போக்குவது ரசிகர்களாகிய நம் கையிலுள்ளது.

தந்தையின் வினா

இப்போது தொடக்கத்தில் வாக்களித்த காரணத்துக்கு வருகிறோம். உடப்பிலே அம்பா பாடிய அந்தத் தந்தை சில வாரங்களின் பின் எம் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து, தோளிலிருந்த துவாயை மடியில் வைத்துக்கொண்டார்.

"சேர், மகன் நீங்க சொன்னாத்தான் கேட்பான். அந்தக் கிற்றாரைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. சோதனை வருது. அது சோறு போடுமா?"

நியாயமான வினா. கடலை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர் வேறெதைக் கேட்பார்? உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. ஏனெனில், இதே வினாவுக்கு 15 ஆண்டுகளுக்கு முன் நாம் ஒருமுறை விடை கூறியிருந்தோம். அப்போது ஆசிரியத் தொழிலுக்குப் புதியவர். கற்பிட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் அருமையாக வாசிப்பான். "இதைக் கட்டிவைத்துவிட்டுப் படி" என்று வகுப்பின் நடுவே கடிந்துரைத்தோம். அவன் படித்தான், சித்தியெய்தினான், இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற ஆண்டு சிலாபம் பஸ் நிலையத்திற் கண்டு, "இப்போதும் வாசிக்கிறாயா, தம்பி?" என்று கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்கள்தானே சேர் கட்டிவைக்கச் சொன்னீர்கள்? இன்னும் அவிழ்க்கவில்லை" என்றான். அந்தச் சிரிப்பிலே கோபமில்லை. கோபமிருந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆகவே இம்முறை அவ்வாறு கூறவில்லை. "அண்ணே, அது சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் போடாது. படிப்பை விடக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்வேன். ஆனால் அம்பா உங்களுக்குச் சோறு போட்டதா?" என்று கேட்டோம்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "சோறு போட்டது வலை. அம்பா இல்லாவிட்டால் வலை வராது" என்றார். பின்பு, பல கரைகளில் இப்போது உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கிவிட்டதையும், பாட வாய்கள் குறைந்துவருவதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஈற்றில் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். இரவு உணவுக்கு முன் அரை மணி நேரம் கிற்றார். மீதி நேரம் புத்தகம். மாணவனும் அதற்கு இசைந்தான்.

அடுத்து ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். கடன் வாங்கிய பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலே இணைத்த மலிவான கிற்றார் அது. பையன் ஹொட்டேல் கலிபோர்னியாவின் இறுதிப் பகுதியை ஒரு கையாளாகவே ஒப்பேற்ற முயன்றான். பாதி வழியில் தடுக்கிற்று. பின்னர் வெட்கத்துடன், தந்தையின் அம்பா மெட்டை எடுத்தான். மூலையிலே வலை பொத்திக்கொண்டிருந்த தந்தையின் கை நின்றது. முடியும்வரை ஒன்றும் பேசாதிருந்தவர், முடிந்தபின் தலையசைத்து மறுத்தார்.

"அந்த இடம் பிழை. அது வலை பாரமாகும் இடமடா. அங்கே அப்படிப் பட்டென்று விடக்கூடாது. இழுக்கவேணும். கை நோகும்வரை இழுத்து, பிறகு விடு."

பையன் தந்தியை மறுபடியும் வளைத்தான். "இன்னும்" என்றார் தந்தை. மேலும் வளைத்தான். "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் முறையில் அந்த ஸ்வரம் கடற்கரையில் நாம் கேட்ட அதே உயரத்தைத் தொட்டு நின்றது. கில்மோர் கற்பிக்கக்கூடியதை உடப்பின் மீனவர் ஒருவர் கற்பித்துக்கொண்டிருந்தார். கற்பிப்பதை அவர் அறியார்.

அந்தப் பிள்ளையின் சோதனை முடிவு இன்னும் வெளிவரவில்லை. அவன் பொறியியலாளனாவானா, வாத்தியக்காரனாவானா, அன்றித் தந்தையின் படகிலேயே செல்வானா என்பதை நாம் அறியோம். பெற்றோரிடம் நாம் வேண்டுவது இவ்வளவே: பிள்ளையின் கையிலுள்ள வாத்தியத்தைப் பறிப்பதற்கு முன், ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். மாணவரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. உலகப் புகழ்பெற்ற வாசிப்புகளைக் கைபேசியிற் கேட்டுப் பழகும் நீங்கள், உங்கள் வீட்டுத் திண்ணையிலுள்ள குரலையும் கேட்டு வையுங்கள். கடைசி அம்பாப் பாடகர் கரையை விட்டு எழுந்து போகுமுன் கேட்டு வையுங்கள்.